பனை இல்லாத ஊரில்

கொட்டாஞ்சேனையில் இருபத்துமூன்று வீட்டுக்கும்
ஒரே குழாய் உள்ள தோட்டத்தைப் பற்றி
பதினொரு இரவு வெட்டி ஒட்டினேன்.
வாளி நிரம்பும்போது சத்தம் மெல்ல ஏறுமே,
அந்த ஏற்றத்தின் உச்சியில்
சாந்தினி அன்ரியின் முகம் திரும்ப வேண்டும்.
அரை வினாடி முந்தினால் விளம்பரம்,
பிந்தினால் செய்தி.
சரியாக விழுந்தபோது விடிய மூன்று மணி.
எழுந்து நின்று எனக்கே கைதட்டினேன்.

பார்த்தவர் நூற்று நாற்பத்துமூன்று.
அதில் முப்பத்தொன்று நான்.
பார்மசியில் என்னோடு நிற்கும் சஹ்லாவின் போனிலும்
ஒருதரம் ஓடவிட்டேன்,
அவள் பனடோல் எண்ணும் நேரம் பார்த்து.

பிறகு அந்த ஞாயிறு.
காலிமுகத்திடலில் ஒரு பொலிஸ்காரர்
இறால் வடையை வாய்க்குக் கொண்டுபோக
எங்கிருந்தோ வந்தது காகம்.
வடை போனது. தொப்பியும் போனது.
அவர் விசிலை எடுத்து
காகத்தைப் பார்த்து ஊதினார்,
லொறியை ஓரங்கட்டச் சொல்வதுபோல்.
பத்தொன்பது வினாடி.
தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை.
போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன்.

நாற்பது லட்சம்.

தம்புள்ளையில் பார்த்தார்கள், ஒஸ்லோவில் பார்த்தார்கள்.
மேல்மாடி இமாத் படியில் கண்டு
"காக்கா பிடிச்ச தாத்தா" என்றான்.
அவன் வீட்டில் காக்கா என்றால் அண்ணன்,
தாத்தா என்றால் அக்கா.
கதவுக்குள் நின்ற அம்மா
சொந்தம் பிரித்து முடிக்க ஒரு நிமிஷம் விழித்தா.
அந்தச் சூட்டோடு குழாயைத் திரும்ப ஏற்றினேன்.
ஒருவர் கேட்டிருந்தார்:
காகம் எத்தனையாவது நிமிஷத்தில வரும்?

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா எடுத்தார்.
"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்திருக்கு, பிள்ளை.
பெரிசா எடுக்காதை."

சரி என்றேன். இரவில்தான் வாதாடினேன்.
கொழும்பில் ஏது பனை, சித்தப்பா?
கை ஆடாமல் நின்றதே, அதுவும் காகம் தந்ததா?
தொப்பி பறந்த பக்கம் நான் திரும்பவில்லை,
முகத்திலேயே நின்றேன்.
விசில் வரும் என்று எனக்குத் தெரியாது;
என் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.
நாலு வருஷம் வாளிகளுக்கு முன்னால்
குந்தியிருந்த மணிக்கட்டு.

இப்படி நிமிர்ந்து உட்கார்ந்த மறுநாள்
காகம் தந்த காசில்
பழைய மைக் ஒன்று வாங்க மருதானைக்குப் போனேன்.
விற்றவள் யதுர்ஷா.
குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.
மழையை மட்டும் பதிபவள்.
தகரத்தில், ஓட்டில், நீலத் தறப்பாளில்,
கண்ணை மூடிக் கேட்டால்
எந்த ஒழுங்கை என்று சொல்லலாம்.
கேட்பவர்கள் எண்பத்தெட்டுப் பேர், அதில் நான் ஒருத்தி.
என்னைவிட நல்லவள்.
அடக்கத்துக்குச் சொல்லவில்லை,
அரை வினாடிகளை எண்ணியவளுக்கு அது தெரியும்.

"ஏன் விக்கிறீங்க?"
"எனக்குக் காகம் ஒண்டும் வரேல்லை" என்றாள்.
சிரித்தாள். கோபமில்லை.
மிச்சக் காசை இரண்டுதரம் எண்ணித் தந்தாள்.

முதல்நாள் இரவு நான் கட்டிய வாதத்தில்
அவள் நிற்க ஒரு இடமும் இருக்கவில்லை.
பஸ்ஸில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு
கிராண்ட்பாஸ் வரை தேடினேன்.

வீட்டில் பார்த்தால், அட்டையில்
அவள் அழிக்க மறந்த ஒரு பதிவு.
மழை இல்லை. மழைக்கு முந்திய காற்று.
ஒரு தகரம் ஒரேயொருதரம் முனகுகிறது.
தூரத்தில் ரயில்.
பிறகு காதுக்குள்ளேயே அவள்,
அளவு பார்க்கும் குரலில்,
"கேக்குதா?"

இயர்போனைக் கழற்றாமல்
இருட்டுக்குச் சொன்னேன்:
கேக்குது.